ஸ்டுடியோ மீன்

எங்கள் ஊர் ஏரியைக் கெடுத்தவன் நான்தான். வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே முந்திக்கொள்வது எனக்குக் கொஞ்சம் மரியாதை. மணல் அள்ளிக் கெடுக்கவில்லை, சாக்கடையைத் திருப்பிவிட்டுக் கெடுக்கவில்லை. அதற்கெல்லாம் ஆள் பலம் வேண்டும். நான் ஒரே ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக் கெடுத்தேன். அதுவும் தலைக்குக் குளித்து, விபூதி பூசி, ஆடிப்பெருக்கன்று, நல்ல நேரம் பார்த்து.

சங்கராபுரத்தில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. மொட்டை போட்டுக் காது குத்தின குழந்தைகளைப் படம் பிடிப்பதுதான் அப்போது முக்கால்வாசி வேலை. காது குத்தின குழந்தை எப்படிச் சிரிக்கும்? கேமராவைக் கண்டதும் அழும், அதைக் கண்டு அம்மா அழுவாள், அப்பா என்னை முறைப்பார். அதனால் கள்ளக்குறிச்சியில் இருந்து ஒரு கண்ணாடி மீன்தொட்டி வாங்கிவந்து ஸ்டூலுக்கு எதிரே வைத்தேன். மீன் நீந்தும், குழந்தை வாயை மூடிக்கொண்டு பார்க்கும், அந்த இடைவெளியில் நான் ஒரு கிளிக். தொட்டி விற்ற கடைக்காரர் கருப்பாக, உடம்பெல்லாம் புள்ளியும் செதிலுமாக மூன்று குஞ்சுகளைச் சேர்த்துக் கொடுத்தார். பெயர் டேங்க் கிளீனர். கண்ணாடியில் படியும் பாசியை அதுவே தின்றுவிடும், நீங்கள் தொட்டியைக் கழுவவே வேண்டாம் என்றார். கழுவ வேண்டாம் என்று சொன்னால் நான் முதலைக்குட்டியைக்கூட வாங்கியிருப்பேன்.

மூன்றும் பாசியைத் தின்றன. பிறகு மற்ற மீனுக்குப் போட்ட தீனியைத் தின்றன. விரல் அளவு இருந்தவை உள்ளங்கை அளவாயின, பிறகு முழங்கை அளவை எட்டப் பார்த்தன. தங்கமீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முன்பு மீனைப் பார்த்து அழுகையை நிறுத்திய குழந்தைகள் இப்போது மீனைப் பார்த்து அழ ஆரம்பித்தன. தொழில் படுக்கும் நிலை. மண்ணில் புதைத்துவிடச் சொன்னாள் என் மனைவி. நான் உயிர்வதை செய்யமாட்டேன் என்று மறுத்தேன். நாட்டுக்கோழிக் குழம்பைப் பிசைந்துகொண்டே மறுத்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. மலையில் பலத்த மழை பெய்தால் மறுநாள் எங்கள் ஏரி செம்மண் நிறத்துக்கு மாறும். அந்த ஆடிப்பெருக்குக்குப் பெண்கள் கரையில் புளிசாதமும் எலுமிச்சைச் சாதமுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பத்து நொடி டைமர் வைத்து, ஓடிப்போய்த் தண்ணீரில் நின்று, வாளியைச் சாய்த்தேன். மூன்று மீனும் துள்ளி விழுந்த நொடியில் படம் விழுந்தது. என் முகத்தில் அப்படி ஒரு சாந்தம். ‘விடுதலை’ என்று தலைப்பிட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். கும்பிடுகிற கைகள் வந்து குவிந்தன. அது போதாது என்று பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஸ்டுடியோ சுவரிலும் மாட்டினேன். அந்த மூன்றில் எது ஆண், எது பெண் என்று எனக்குத் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி என் சகலையைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். இருவரும் ஒரே ஊர், ஒரே வீட்டில் பெண் எடுத்தோம். அதோடு ஒற்றுமை முடிந்தது. நான் வாயால் பிழைப்பவன், அவர் வாய் திறக்காமல் ஏரியில் மீன் பிடித்துப் பிழைப்பவர். அவர் பெருமைப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரித்தால், குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து குங்குமத்தைக் கொட்டினது போலத் தண்ணீருக்கு மேலே சிவப்பாகத் திரளும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்தச் சிவப்பைக் கண்டால் சகலை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். அந்தப் பக்கம் வேறு யாரையும் தூண்டில் போடவும் விடமாட்டார். எங்கள் ஏரி விரால் தியாகதுருகம் சந்தை வரைக்கும் பேர் வாங்கியது அப்படித்தான்.

நான் வாளி கவிழ்த்த நாலாம் வருஷம் அவருடைய வலைகள் கிழிய ஆரம்பித்தன. சட்டை போட்ட மாதிரி கெட்டிச் செதிலும், முதுகிலும் பக்கத்திலும் முள்ளுமாக ஏதோ ஒரு மீன் வந்து சிக்குகிறது, வலையை அறுத்தால்தான் வெளியே வருகிறது, சமைக்க எடுத்தால் கத்தி இறங்கவில்லை என்று வீட்டில் பேச்சு அடிபட்டது. அந்தக் கார்த்திகையில் சிவப்பு ஒரே ஒரு இடத்தில்தான் திரண்டது. அடுத்த கார்த்திகையில் அதுவும் இல்லை. முட்டையையே துடைத்துத் தின்றுவிடுகிறது போலிருக்கிறது என்று சகலை சந்தேகப்பட்டார். கரையிலும் ஓட்டை ஓட்டையாகப் பொந்து பறித்திருந்தது. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இரண்டாவது தோசைக்குச் சட்னி கேட்டேன். என் மூளை அப்படி. கேள்வி தன்னைப் பற்றியது என்றால் அது வெளியூர் போய்விடும்.

ஒரு காலையில் சகலை போன் செய்து கேமராவோடு வரச்சொன்னார். மீன்வள அதிகாரிக்கு அனுப்ப நல்ல படமாக வேண்டுமாம். போனேன். கரையோரம் ஒரு நீர்க்காகம் சிறகை அடித்துக்கொண்டு சேற்றில் புரண்டது. அதன் வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு மீன். விழுங்கும்போது முள்ளை விரித்திருக்கிறது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. சகலை பறவையை மடியில் வைத்துக்கொண்டார். நான் மீனின் வாலைப் பிடித்தேன். அதன் வயிற்றுப் புள்ளிகளைப் பார்த்ததும் வாலை விட்டுவிட்டேன். இந்தப் புள்ளிக்கு நான் இரண்டு வருஷம் தீனி போட்டிருக்கிறேன்.

நீர்க்காகம் அவர் மடியிலேயே செத்தது. கொஞ்ச நேரம் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு இருந்தார்.

“எவன் இத்த கொண்டாந்து வுட்டான்னு தெரியல சகல.”

“எவனா இருந்தாலும் மரத்துல கட்டி வெச்சி உரிக்கணுங்க” என்றேன் நான். அந்தக் குரலில் இருந்த ஆவேசத்தை இன்று நினைத்தாலும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வருகிறது. அவ்வளவு நல்ல நடிப்பு.

அடுத்த இரண்டு வாரம் ஊரிலேயே உரக்கத் திட்டியவன் நான்தான். டீக்கடையில் திட்டினேன், பஸ்ஸில் திட்டினேன், சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷனில் முன்பின் தெரியாத ஒருவரிடம் திட்டினேன். அதோடு போயிருக்கும். சகலைக்கு மீனவர் அட்டை புதுப்பிக்க பாஸ்போர்ட் சைஸ் படம் தேவைப்பட்டது. ஸ்டுடியோவுக்கு வந்தார். அவர் கல்யாணத்துக்குப் பிறகு கேமரா முன் உட்கார்ந்தது அன்றுதான். குனிந்தே இருந்தார். நான் தொழில் பழக்கத்தில், “முகத்த நிமுத்துங்க, நேரா செவுத்தப் பாருங்க” என்றேன். நிமிர்த்தினார். என் தலைக்கு மேலே சுவரில் ‘விடுதலை’ தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்வை அதில் போய் நின்றது, நான் பட்டனை அழுத்தினேன். இரண்டும் ஒரே நொடி. என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சிறந்த முகபாவம் அதுதான். அது இன்றும் அரசாங்க அட்டையில் ஒட்டியிருக்கிறது.

எழுந்து சுவரருகே போனார். கண்ணாடியில் விரலை வைத்தார்.

“எத்தினி வுட்ட?”

“மூணுங்க.”

“மூணு.” இன்னொரு தடவை சொன்னார். “மூணு.” பிறகு சட்டத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் அடித்திருந்தால் நான் வாங்கிக்கொண்டு அன்றே மறந்திருப்பேன்.

ஊராட்சி மன்றக் கட்டடத்தின் முன்னால் கூட்டம் போட்டார்கள். சித்திரை வெயிலில் ஏரி சுருங்கி, மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. எந்த மீன் என்று எல்லோருக்கும் காட்ட சகலை என் படத்தைச் சுற்றுக்கு விட்டார். கை மாறி மாறிப் போயிற்று. மீனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், படம் தெளிவாக விழுந்திருக்கிறது என்று பாராட்டினார். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் அதற்கு ஸ்டுடியோ மீன் என்று பெயர். ஸ்டுடியோவுக்கு இத்தனை வருஷம் நான் செய்த விளம்பரம் எதுவும் இப்படிப் பரவியதில்லை.

உரக்கடைக்காரர் எழுந்தார். அவர் நிலம் கரைக்குக் கீழேதான். பொந்து விழுந்த கரை மழைக்கு உடைந்தால் முதலில் போவது அவர் பயிர், அடுத்தது தெரு. அதனால் பள்ளத்தில் இருக்கிற தண்ணீரில் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும், மழை வந்ததும் புதுக் குஞ்சு வாங்கி விடலாம் என்றார். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. நிறையத் தலைகள் ஆடின.

அப்போது சகலை பேசினார். கூட்டத்தில் அவர் பேசி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

“அந்தப் பள்ளத்துல அது மட்டுமா கீது? வெராலு கீது, கெளுத்தி கீது, ஆமை கீது. வர்ற மழைக்கு வெதையே அதுதான். மருந்து ஊத்தினா ஸ்டுடியோ மீனு சாவறது சந்தேகம். அது சேத்துல பூந்துக்கும். என் வெராலு சாவறது நிச்சயம். ஒரு நாளு குடுங்க. கையாலயே பொறுக்கிடறோம்.”

ஏரி வற்றும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே இறங்கி மீன் பிடிப்பது எங்களுக்குப் பழக்கம். கிடைத்தது கிடைத்தவருக்கு. இந்தத் தடவை முறையை மாற்றலாம் என்றார் சகலை. ஸ்டுடியோ மீன் ஒன்றுகூடத் தண்ணீருக்குத் திரும்பக்கூடாது. விராலும் ஆமையும் குட்டி மீனும் ஒருத்தர் வீட்டுக்கும் போகக்கூடாது. வளர்ந்த கெண்டை, ஜிலேபி மட்டும் அவரவருக்கு. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த ஒரு நாள் தருவது. சாயங்காலம் சகலை பத்து வீச்சு வலை வீசிப் பார்ப்பது. பத்திலும் சேர்த்து ஐந்து ஸ்டுடியோ மீனுக்கு மேல் வந்தால் திங்கட்கிழமை மருந்து.

ஆனால் விராலை விட்டுக்கொடுத்து, தின்ன ஆகாத மீனுக்காக வெயிலில் யார் சேற்றில் நிற்பார்கள்? கூட்டம் கலையப் பார்த்தது. எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. எழுந்து, பத்து ஸ்டுடியோ மீன் கொண்டுவருகிற வீட்டுக்கு ஒரு குடும்பப் படம், பெரிய சைஸ், லேமினேஷனோடு, என் கையால் என்று அறிவித்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு பெண்மணி மாமியாரையும் சேர்க்கவேண்டுமா என்று கேட்டாள். அவரவர் விருப்பம் என்றேன்.

வீட்டில் என் மனைவி ஒரே வரியில் முடித்தாள். “ஏரி முழுக்க உங்க மீனு, ஊரு முழுக்க உங்க போட்டோவா. நல்லாருக்குங்க.”

ஆள் போதாது என்று தோன்றியது. மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் நிறையக் கல்யாணங்களுக்கு நான் படம் எடுத்திருக்கிறேன். ஓடைமீனை மூங்கில் கூடை வைத்துப் பிடிப்பதில் அந்த மலை ஜனத்தை மிஞ்ச ஆள் கிடையாது. பைக்கை எடுத்துக்கொண்டு மேலே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஐந்தாறு குடும்பங்கள் கூடையோடு இறங்கியபோது எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. அதில் ஓர் அக்கா, மகள் கல்யாணத்துக்கு என்னை அழைத்தவர், முதலில் பிடிபட்ட ஸ்டுடியோ மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க மலையில உண்ணிச்செடி கீது பாருங்க போட்டோக்காரரே, அந்த மாதிரிதான் இதும். பூ அழகா கீதுன்னு எவனோ என்னிக்கோ கொண்டாந்து வெச்சானாம். இப்ப புல்லு மொளைக்க எடமில்ல. மேய எடமில்லாம மானு கீழ எறங்கி உங்க கரும்புக்காட்டுக்கு வருது, நாயிங்க கடிச்சி சாவுது.”

அவர்கள் ஊருக்குப் பின்னால் ஒரு சரிவில், மழைக்கு மண் இளகியதும், பூக்கிறதற்கு முன்னால் வேரோடு பிடுங்கிப்போடுகிறார்களாம். நாலு வருஷமாக. இப்போது அந்தச் சரிவில் புல் வந்திருக்கிறது, விடியற்காலையில் மான் நிற்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிமிர்வை நான் படம் எடுக்காமல் விட்டதற்குக் கை முழுக்கச் சேறு என்பதுதான் காரணம்.

“எப்பக்கா தீரும்?” என்று கேட்டேன்.

“தீராது. புடுங்கிக்கினேதான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கூடையோடு தண்ணீரில் இறங்கினார்.

அன்றைக்கு எங்கள் ஊரை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இடுப்பளவு சேற்றில் வரிசை வரிசையாக ஆட்கள். கரையில் மூன்று இடம். தின்கிற மீனுக்கு அவரவர் வாளி. விரால், கெளுத்தி, ஆமைக்குத் தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம்கள். ஸ்டுடியோ மீனுக்கு, சுண்ணாம்பு கொட்டிய குழி. டிரம்மைக் கொண்டுபோய் எங்கே விடுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. உரக்கடைக்காரர் தன் கிணற்றைத் திறந்துவிட்டார். மருந்து ஊற்றச் சொன்னவர்தான். தானே டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் அலம்பாமல், கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி அந்த விராலைக் கிணற்றில் இறக்கினார். ஒரு வீட்டு வாளியிலாவது ஒரு விரால் மறைந்திருக்குமா என்று நான் வேவு பார்த்தேன். என் புத்தி அப்படி. ஒன்றும் இல்லை. பெரிய விரால் கையில் வழுக்கும்போது, அதைக் குழம்பாகவே பார்த்துப் பழகியவர்கள், டிரம்மில் விட்டுவிட்டு அடுத்ததுக்குக் குனிந்தார்கள்.

நானும் இறங்கினேன். வெளியே போட்டு ஒரு மணி நேரம் ஆன மீன்கூட உயிரோடு நெளிந்து ஏரிப்பக்கம் நகரப் பார்த்தது. அதைப் பிடிக்கப் போய் உள்ளங்கையில் முள் ஏறியது. ரத்தத்தைப் பார்த்து நான் உட்கார்ந்துவிட, பக்கத்தில் இருந்தவர்கள், உங்க வூட்டு மீனுக்கு உங்களை அடையாளம் தெரிகிறது என்று தேற்றினார்கள்.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் கரையேறினார்கள். சகலை மட்டும் வீச்சுவலையோடு தண்ணீரில் நின்றார். முதல் மூன்று வீச்சில் ஒன்றும் இல்லை. நாலாவதில் ஒன்று. ஆறாவதில் இரண்டு. எட்டாவதில் ஒன்று. ஒன்பதாவதில் வெறும் சேறு. பத்தாவது வலையை இழுக்கும்போது கனத்தது. அதுவரை வந்தது நாலு. வலையைக் கரையில் விரித்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு தாய் விரால், அதன் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டுடியோ மீன்.

எல்லோரும் உரக்கடைக்காரரைப் பார்த்தார்கள்.

“அஞ்சுக்கு மேல வந்தாத்தான்னு பேச்சு. அஞ்சுதான வந்துகீது” என்றார். “அந்த வெரால மொதல்ல டிரம்ல வுடுங்கப்பா.”

சகலை திரும்பிக்கொண்டு முகம் கழுவினார். சேறு கழுவ அத்தனை நேரம் ஆகாது.

பிறகு ஒரு மாதம் ஸ்டுடியோவில் எனக்கு நிமிர நேரமில்லை. ஒரு வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு படத்தில் இருப்பது பலபேருக்கு அதுதான் முதல் தடவை. மலைக்குடும்பங்கள் கூடையைக் கையில் பிடித்தபடிதான் நிற்போம் என்றார்கள், நின்றார்கள். மாமியார்கள் எல்லாப் படத்திலும் நடுவில் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. விருந்தாளி கேட்டால், இது ஏரியைக் காப்பாற்றினதுக்குக் கிடைத்தது என்கிறார்கள். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சட்டை இரண்டு சைஸ் சின்னதாகிவிடுகிறது.

கரையின் பொந்துகளை மண் போட்டு அடைத்தார்கள். ஐப்பசியில் மலை இருண்டு கொட்டியது. ஏரி சிவந்து நிறைந்தது. கிணற்றில் இருந்த விரால்களை உரக்கடைக்காரரும் சகலையும் ஆளுக்கு ஒரு பக்கம் டிரம்மைப் பிடித்துக்கொண்டு வந்து விட்டார்கள். கார்த்திகைக் கடைசியில் சகலை எனக்கு போன் செய்தார். கேமராவோடு வா என்று மட்டும் சொன்னார். போய்ப் பார்த்தால் அல்லிக்கொடிகளுக்கு நடுவில், மூன்று இடத்தில், தண்ணீருக்கு மேல் சிவப்பு. மதகின்மேல் இரண்டு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. நான் படம் எடுக்க, அவர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யாரையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டுடியோ மீன் ஒழிந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவ்வப்போது வலையில் ஒன்றிரண்டு வரத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றுகூட மறுபடி தண்ணீருக்குப் போவதில்லை. யார் வலையில் வந்தாலும் குழிதான். ஏரி வற்றுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போது பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து இறங்குகிறார்கள், தங்கள் ஏரிக்கும் இந்த முறையைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

போன சித்திரையில் கரையில் நின்றேன். கழுத்தில் கேமரா, இடுப்பில் கை. கீழே இரண்டு ஊர் ஜனமும் மலை ஜனமும் சேற்றில் நின்றார்கள். சகலை இழுத்துப்போட்ட வலையில் என் மீன்கள் நாலைந்து நெளிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“யோசிச்சுப் பாருங்க சகல. அன்னிக்கி நான் அந்த மூணு மீன வுடலன்னா, இந்த ஜனம் இன்னிக்கி இப்பிடி ஒண்ணா எறங்குமா?”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“குனிஞ்சி பொறுக்கு.”